கடலடிக் கல்லறையும் பழைய இரும்புக் கிடங்கும்



2023ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம். பள்ளி விடுமுறை. மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்தி முடித்துவிட்டு நாளிதழைப் புரட்டியபோது, நம் ஜொகூர் மாநிலத்துச் செய்தியொன்று கண்ணில் பட்டது. தஞ்சோங் சியாங் கரைக்கு அப்பால், சீனாவில் பதிவு பெற்ற சுவான் ஹோங் 68 எனும் கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் மே 28ஆம் நாள் தடுத்து வைத்திருந்தது. கப்பலில் 32 பேர் இருந்தனர். நங்கூரமிடுவதற்கு உரிய அனுமதி ஆவணங்களைக் காட்ட இயலவில்லை என்பதே அவர்கள்மேல் முதலில் சொல்லப்பட்ட குற்றம். ஆனால், கப்பலில் துருவேறிய இரும்புத் துண்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றின் நடுவே பழைய பீரங்கிக் குண்டும் இருந்தது. அதே மாதத்தில் நம் மாநிலத்துப் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுகள் பல கண்டெடுக்கப்பட்டிருந்தன. குவாந்தானுக்குக் கிழக்கே கடலடியில் கிடக்கும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து இவை வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது.

பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு வகுப்பில் இச்செய்தியைச் சொன்னேன். வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர்கள் கொட்டாவி விடுவது வழக்கம். அன்று ஒருவரும் கொட்டாவி விடவில்லை. குண்டு என்ற சொல்லுக்கு அவ்வளவு ஈர்ப்பு!

"டீச்சர், அந்தக் குண்டு இப்பவும் வெடிக்குமா?" என்று முன்வரிசையில் ஒரு குரல்.

"வெடிக்கலாம். அதனால்தான் காவல்துறையினர் வந்தார்கள்" என்றேன்.

பின்வரிசை மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். அதிகம் பேசாதவன். "அந்த இரும்பு யாரோடது டீச்சர்? எங்கப்பாவும் பழைய இரும்பு எடுக்குறவருதான். வீட்டுக்காரங்கள கேட்டுட்டுத்தான் எடுப்பாரு."

எனக்குச் சட்டென்று விடை சொல்ல வரவில்லை. கப்பல் பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால், அவன் கேட்டது அதுவன்று. யாரைக் கேட்டு எடுத்திருக்க வேண்டும் என்பதே அவன் கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடப் போய் நான் படித்தறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவ்விரு கப்பல்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் புதிய போர்க்கப்பல். லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பர்க்கன்ஹெட்டில் கட்டப்பட்டு 1939இல் நீரில் இறக்கப்பட்டது. 1941 ஆகஸ்டு மாதத்தில் சர்ச்சில் இதில் ஏறித்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்குச் சென்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். அட்லாண்டிக் சாசனம் பிறந்த சந்திப்பு அது. ரிப்பல்ஸ் பழைய கப்பல். 1916இல் நீரில் இறக்கப்பட்டது. ஜப்பானியரை அச்சுறுத்தி அடக்கிவிடலாம் என்ற எண்ணத்தில் சர்ச்சில் இவ்விரண்டையும் கீழை நாடுகளுக்கு அனுப்பினார். 1941 டிசம்பர் 2ஆம் நாள் அவை சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தை வந்தடைந்தன. இன்று மாசாய்ப் பக்கத்துக் கரையில் நின்றால் நீரிணைக்கு எதிரே தெரிகிறதே, அதே செம்பவாங்தான்! அத்தளத்தில் தமிழரும் மலையாளிகளுமாக இந்தியத் தொழிலாளர் பலர் வேலை பார்த்தனர்.

இக்கப்பல்களுடன் இன்டோமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் வந்திருக்க வேண்டும். அது நவம்பர் மாதத்தில் ஜமைக்காவுக்கு அருகே தரைதட்டிப் பழுதாகிவிட்டது. எனவே, தலைக்கு மேலே காவல் இல்லாமலே இரண்டு பெருங்கப்பல்கள் வந்து சேர்ந்தன.

டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். அன்று மாலை, அட்மிரல் சர் டாம் ஃபிலிப்ஸ் தலைமையில் இரு கப்பல்களும் எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனிடோஸ், வாம்பயர் என்ற நான்கு நாசகாரிக் கப்பல்களும் செம்பவாங்கிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டன. இந்தப் படையணிக்கு இட்ட பெயர் 'ஃபோர்ஸ் இசட்'. மறுநாள் மாலை ஜப்பானிய விமானங்கள் தங்களைக் கண்டுகொண்டதை உணர்ந்த ஃபிலிப்ஸ், திரும்பிவிட முடிவு செய்தார். அந்நேரம் பார்த்து, குவாந்தானில் எதிரி இறங்குவதாகத் தகவல் வந்தது. பார்த்துவிட்டுப் போகலாமென்று கப்பல்களைக் குவாந்தான் பக்கம் திருப்பினார். அங்கே யாரும் இறங்கவில்லை. கடற்கரையில் புதைத்திருந்த கண்ணிவெடிகளை எருமைகள் மிதித்ததால் கிளம்பிய வதந்தி என்றும் சொல்வதுண்டு. எருமையோ என்னவோ, அந்தத் திருப்பம் 840 உயிர்களைக் கொண்டுபோய்விட்டது.

டிசம்பர் 10ஆம் நாள் காலை 11 மணிக்குப் பிறகு தாக்குதல் தொடங்கியது. இந்தோசீனாவின் தென்பகுதித் தளங்களிலிருந்து அலை அலையாய் வந்த ஜப்பானிய விமானங்கள் ஏறத்தாழ 85. வானொலி மௌனத்தைக் கலைக்க ஃபிலிப்ஸ் விரும்பவில்லை. ரிப்பல்ஸின் தலைவர் டென்னன்ட்தான் பொறுக்கமாட்டாமல் செய்தி அனுப்பினார். சிங்கப்பூரிலிருந்து போர் விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடியும் தறுவாயில் இருந்தது. பகல் 12.33க்கு ரிப்பல்ஸ் மூழ்கியது. அதில் 513 பேர் மாண்டனர். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்துப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கவிழ்ந்தது. அதில் 327 பேர். ஃபிலிப்ஸும் அக்கப்பலின் தலைவர் லீச்சும் கப்பலோடு போயினர். நாசகாரிக் கப்பல்கள் ஏறத்தாழ 2,080 பேரை நீரிலிருந்து மீட்டன. மீட்புப் பணி நடந்தபோது ஜப்பானிய விமானங்கள் குறுக்கிடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சில நாள்களுக்குப் பின் ஜப்பானிய விமானி ஒருவர் அவ்விடத்தின்மேல் பறந்து மலர்வளையம் போட்டுச் சென்றார் என்றும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எதிரிக்கும் அது கல்லறை என்று தெரிந்திருந்தது.

திறந்த கடலில், இயங்கிக்கொண்டிருந்த பெரும் போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது அதுவே முதன்முறை. போரியல் நூல்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். என் மனம் நின்றதோ உயிர் பிழைத்த அந்த 2,080 பேரிடம்.

அவர்களுள் பதினாறு, பதினேழு வயதுச் சிறுவர்களும் இருந்தனர். அக்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டது. எண்ணெய் படிந்த நீரை விழுங்கி, அன்றிரவு செம்பவாங்கில் கரையேறியவர்களுக்கு ஓய்வும் வாய்க்கவில்லை. சிலர் வேறு கப்பல்களுக்கு அனுப்பப்பட்டனர். 1942 ஜனவரி 31ஆம் நாள் காலை, பின்வாங்கிய நேசப் படைகளுள் கடைசியாக ஆர்கைல் படைப்பிரிவினர் குழலூதிக்கொண்டு ஜொகூர் தரைப்பாலத்தைக் கடந்தனர். அவர்களுக்குப் பின்னால் பாலம் தகர்க்கப்பட்டது. ஆள் குறைந்துபோயிருந்த அப்படைப்பிரிவோடு, மூழ்கிய இரு கப்பல்களிலும் இருந்த கடற்படைத் துருப்பினர் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பிளிமத் நகரத்தைத் தளமாகக் கொண்டவர்கள் ஆதலால், 'பிளிமத் ஆர்கைல்' என்று அக்கூட்டுப் படைக்குப் பெயர் வந்தது. அஃது அந்நகரத்துக் காற்பந்துக் குழுவின் பெயர்! சாவின் வாயிலில் நின்றுகொண்டும் சிரிக்கத் தெரிந்திருக்கிறது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது எஞ்சியோர் சிறைப்பட்டனர். அவர்களில் சிலர் சயாமுக்கும் அனுப்பப்பட்டனர். சயாம் என்றதும் நம் வாசகர்களுக்கு என்ன நினைவு வரும் என்று தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் வயிற்றுப்பாட்டைப் பார்த்தார்கள். பிறகு, உயிர் பிழைத்தோர் சங்கம் ஒன்றைக் கூட்டினார்கள். 'ஃபோர்ஸ் இசட் உயிர் பிழைத்தோர் சங்கம்' என்பது அதன் பெயர். இதைப் படித்தபோது, இது என்ன பெரிய செய்தி, முன்னாள் படைவீரர் சங்கம் எந்த ஊரில் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆண்டுக்கொரு முறை கூடுவார்கள், பதக்கங்களை அணிந்துகொள்வார்கள், உண்பார்கள், பழங்கதை பேசுவார்கள். அவையெல்லாம் இங்கும் உண்டு. ஆனால், இச்சங்கத்திற்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. கண்ணால் காண முடியாத, கால் வைக்க முடியாத ஒரு கல்லறைக்குக் காவல் இருக்கும் வேலை.

நிலத்தில் மாண்ட வீரனுக்குக் கல் உண்டு. நம் தைப்பிங்கில் போர்க் கல்லறை இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கிராஞ்சி இருக்கிறது. கிராஞ்சிக்குச் சென்றவர்கள், உடல் கிடைக்காதோர்க்கென எழுப்பிய நினைவுச் சுவர்களையும் பார்த்திருப்பீர்கள். 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் இந்தியப் பெயர்கள் எத்தனையெத்தனை! ஆனால், இந்த மாலுமிகளின் பெயர்களோ இங்கிலாந்தில் பிளிமத் கடற்படை நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. உடல்களோ பகாங் கடலுக்கடியில். பெயர் ஓரிடம், உடல் ஓரிடம். நடுவே பாதி உலகம். இரண்டையும் இணைத்து வைத்திருந்தவர்கள் இச்சங்கத்து முதியவர்கள்தாம். இரு கப்பல்களிலும் இருந்தோரின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்தார்கள். யார் மாண்டார், யார் பிழைத்தார் என்று குறித்தார்கள். 'என் அப்பா எந்தத் தளத்தில் வேலை பார்த்தார், கடைசியாக அவரைப் பார்த்தவர் உண்டா?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அங்கேதான் விடை கிடைக்கும்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஏறத்தாழ 68 மீட்டர் ஆழத்தில் தலைகீழாய்க் கிடக்கிறது. ரிப்பல்ஸ் இன்னும் சற்று மேலே, ஏறத்தாழ 55 மீட்டரில். உந்துதண்டில் கயிறு கட்டி, பிரிட்டிஷ் கடற்படையின் வெள்ளைக் கொடியை நீருக்குள் பறக்கவிட்டிருந்தார்கள். கொடி நைந்தால் முக்குளிப்போர் இறங்கிப் புதிதாக மாற்றுவார்கள். யாரும் பார்க்காத இடத்தில் பறக்கும் கொடி! அவ்வழியே செல்லும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நின்று மலர்வளையம் இடுவதும் மரபு.

கேளிக்கைக்காகக் கடலில் குதிப்போர்க்கு நல்ல கருவிகள் கிடைக்கத் தொடங்கியபின் முதற்கவலை வந்தது. ஆழம் இனித் தடையில்லை. ஒருவர் ஒரு தட்டை எடுத்துச் செல்வார், இன்னொருவர் ஒரு சாளரக் கண்ணாடியை எடுத்துச் செல்வார். எடுப்பவருக்கு அது நினைவுப்பொருள். பிரிட்டனில் இதைப் பற்றிய மனக்கசப்பு ஏற்கெனவே இருந்தது. 1942இல் பேரண்ட்ஸ் கடலில் மூழ்கிய எடின்பரோ என்ற கப்பலிலிருந்து 1981இல் ரஷ்யத் தங்கக் கட்டிகளை வெளியே எடுத்தார்கள். அதுவும் மாலுமிகள் பலரின் கல்லறைதான். கல்லறைக்குள் புகுந்து தங்கம் எடுக்கலாமா என்று பலர் கொதித்தனர். 1986இல் இராணுவ எச்சங்களைப் பாதுகாக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. நம் கடலில் கிடக்கும் இவ்விரு கப்பல்களையும் அச்சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட இடங்கள் என 2001இல் பிரிட்டன் அறிவித்தது.

மறு ஆண்டே, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மணியை எவரேனும் திருடிவிடக்கூடும் என்ற அச்சம் மேலிட்டது. கப்பலின் மணி வெறும் வெண்கலம் அன்று. அது கப்பலின் குரல். பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சின் அனுமதியோடும் உயிர் பிழைத்தோர் சங்கத்தின் இசைவோடும் 2002இல் முக்குளிப்போர் அம்மணியைக் கழற்றி மேலே கொண்டு வந்தனர். இசைவு தருவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். எதையும் தொடாதீர்கள் என்று சொல்லி வந்தவர்கள், இதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நேர்ந்ததே! திருடன் வருமுன் தாலிக்கொடியைக் கழற்றி வைக்கும் குடும்பத்தின் நிலை அது. மணி லிவர்பூலின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனது; கப்பல் பிறந்த ஊருக்கு எதிர்க்கரை.

என் மாணவனின் கேள்விக்கு விடை இங்கே தொடங்குகிறது. மணியை எடுக்க நினைத்தவர்கள் கேட்டார்கள். அமைச்சை மட்டுமின்றி, உடன் பயணித்துப் பிழைத்தவர்களையும் கேட்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் எவரையும் கேட்கவில்லை. மீன்பிடிப் படகு போலத் தோற்றமளிக்கும் படகுகளில் வந்து, வெடி வைத்துக் கப்பலின் உடலைப் பிளந்தார்கள். அவர்கள் முதலில் குறிவைத்தது உந்துவிசிறிகளை. அவற்றின் வெண்கல உலோகத்துக்கு நல்ல விலை. 2014இல் இக்கொள்ளை பிரிட்டிஷ் ஏடுகளில் பெரிய செய்தியாயிற்று. உந்துவிசிறிகள் காணாமற்போயிருந்தன. அப்போது எஞ்சியிருந்த முதியவர்களுக்குத் தொண்ணூறு வயதுக்கு அருகே இருக்கும். அந்த வயதில், தம் நண்பர்கள் படுத்திருக்கும் இடத்தில் வெடி வைக்கிறார்கள் என்று கேள்விப்படுவது எப்படி இருந்திருக்கும்?

இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். 1945க்கு முன் வார்க்கப்பட்ட இரும்பில் அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கக் கலப்பு இல்லை. ஆதலால் நுட்பமான அளவைக் கருவிகளுக்கு அது தேவை என்பர். கேட்பதற்கு அறிவியல் போல இருக்கும். எடுத்ததில் பெரும்பகுதி சாதாரணப் பழைய இரும்பாய் உருக்கப்பட்டிருக்கும் என்பதே என் எண்ணம். கிலோ இவ்வளவு என்று எடைபோட்டு விற்பவனுக்கு அணுவியல் எதற்கு?

இக்கொள்ளை இவ்விரு கப்பல்களோடு நிற்கவில்லை. 2016இல் ஜாவாக் கடலில், 1942 பிப்ரவரிப் போரில் மூழ்கிய நெதர்லாந்துக் கப்பல்களைத் தேடி இறங்கியவர்கள் அதிர்ந்து போனார்கள். டி ரூய்ட்டர், ஜாவா என்ற இரு பெருங்கப்பல்கள் கிடந்த இடத்தில் கப்பலே இல்லை. மணலில் பள்ளம் மட்டும் இருந்தது. பிரிட்டிஷ் கப்பல்களும் சூறையாடப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று எலெக்ட்ரா. ஆம், குவாந்தான் கடலில் ரிப்பல்ஸின் ஆட்களை நீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றிய அதே எலெக்ட்ரா!

நம் ஜொகூருக்கு இன்னும் அருகில் நடந்தது ஒன்றுண்டு. 1941 டிசம்பரில் தியோமான் தீவுக்கு அப்பால் ஓ 16, கே 17 என்ற இரண்டு நெதர்லாந்து நீர்மூழ்கிக் கப்பல்கள் ஜப்பானியக் கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கின. முதல் கப்பலில் ஒரே ஒருவர் பிழைத்தார். கொர்னேலிஸ் டி வோல்ஃப் என்பது அவர் பெயர். ஏறத்தாழ ஒன்றரை நாள் நீந்தி, நம் மெர்சிங் கடலில் உள்ள தாயாங் தீவில் கரையேறினார். கே 17இல் ஒருவரும் பிழைக்கவில்லை. விடுமுறைக்குத் தியோமானுக்கும் தாயாங்குக்கும் போய் வருகிறோம். இக்கதையை அங்கே நமக்கு யாரும் சொல்வதில்லை. 2019இல் நெதர்லாந்து அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இரண்டு நீர்மூழ்கிகளும் ஏறக்குறைய முழுமையாய்க் காணாமற்போய்விட்டன. காணாமற்போனது இரும்பு மட்டுமா? உள்ளே இருந்த எலும்புகள் எந்த உலைக்குப் போயின?

சட்டம் என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டம், பன்னாட்டுக் கடலில் பிரிட்டிஷ் குடிமக்களையும் பிரிட்டிஷ் கப்பல்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். வேறு நாட்டுக் கப்பலை அச்சட்டம் தொடாது. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, நூறாண்டுகளாவது நீருக்குள் கிடந்தவற்றையே பண்பாட்டுச் செல்வமாய்க் கருதுகிறது. இக்கப்பல்களுக்கு நூறு வயது நிறைவது 2041இல்தான். அதுவரை எது எஞ்சும்? மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நீருக்கடியிலுள்ள மரபுச் செல்வங்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால், கப்பல்கள் கிடப்பதோ 12 கடல்மைல் எல்லைக்கு வெகு அப்பால். நம் பொருளாதார மண்டலத்துக்கு உட்பட்ட கடல், பிறர்க்குச் சொந்தமான கப்பல். எனவேதான் 2023இல் நம் அமலாக்க அதிகாரிகள் வணிகக் கப்பல் சட்டத்தைக் கையிலெடுத்து, அனுமதியின்றி நங்கூரமிட்டாய் என்று பிடிக்க வேண்டியிருந்தது. கல்லறையைத் தோண்டினான் என ஐயுறப்படுபவனை, வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தினாய் என்று சொல்லிப் பிடிப்பது போன்றது. ஆயினும், பிடித்தார்களே! அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். பிரிட்டனின் தேசியக் கடற்படை அருங்காட்சியகமும் இக்கொள்ளையைக் கண்டு வேதனை தெரிவித்தது.

பத்தாண்டுகளுக்கு முன்னர் இத்தகைய செய்தி வந்திருந்தால், முதல் குரல் அச்சங்கத்து முதியவர்களிடமிருந்து எழுந்திருக்கும். அன்று கப்பலில் பதினாறு வயதில் இருந்தவரே இன்று நூறு வயதை எட்டியவர். கூட்டம் சிறுத்து, நாற்காலிகள் குறைந்து, இப்போது பிள்ளைகளும் பேரர்களும் அப்பெயர்களைச் சுமக்கிறார்கள். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே பெயர் தாங்கிய புதிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ஒரு விமானந்தாங்கிக் கப்பல், சிங்கப்பூர் வந்து சென்றது. பழையதற்கு வாய்க்காத விமானங்களெல்லாம் இதன் மேல்தளத்தில் வரிசையாய் நின்றன.

சயாமுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பர்மாவையும் சயாமையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகளாய் அங்கே உழைத்தோர் 60,000க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 12,500 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு அத்தனை துல்லியமாக இல்லை. ஒன்றரை இலக்கத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து சென்றோரில் மிகப் பலர் தோட்டத்துத் தமிழர்கள். ஃபோர்ஸ் இசட்டில் பிழைத்து அங்கே வந்து மாண்ட மாலுமிக்குப் பெயர் உண்டு, படை எண் உண்டு, இறந்த நாள் உண்டு. காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் 6,900க்கும் மேற்பட்ட கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. அவர் பக்கத்தில் மண் சுமந்த நம்மவர்க்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

என் தந்தைவழிப் பூட்டனார் அப்படிப் போனவர். லோரி வந்தது, ஏறினார், திரும்பவில்லை. எங்கள் பூட்டியம்மாவுக்கு அவர் இறந்த நாள் தெரியாது. ஆதலால் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று படையல் வைப்பார் என்று அப்பா சொல்வார். அந்த மாலுமிகளுக்கு டிசம்பர் 10 இருந்தது. எங்கள் வீட்டுக்கு அமாவாசைதான் இருந்தது. பூட்டனாரின் பெயரை அப்பாவிடம் கேட்டேன். பூட்டியம்மா கணவர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாதவர் என்பதால், அப்பாவின் காதிலும் அது விழவில்லையாம்.

கோபப்படுவதில் பயனில்லை. வெள்ளைக்காரனுக்கு மட்டும் கல்லறையா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த 840 பேருக்குப் பெயர் இருப்பதனால் நம்மவர் பெயர் அழியவில்லை. தம் நண்பர்களின் பெயர்களைக் காப்பாற்ற அந்த மாலுமிகள் தாமே உட்கார்ந்து எழுதினார்கள். எஞ்சி வந்த நம் தோட்டத்து மனிதர்கள் உட்கார்ந்து எழுத நாற்காலியும் இல்லை, பலருக்கு எழுத்தும் இல்லை. அவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு எழுத்து வந்து இரண்டு தலைமுறைகள் ஆகின்றன.

2023 டிசம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை. நம் மாநிலத்தில் அப்போது ஞாயிறு பள்ளி நாள். கரும்பலகையில் 513 என்றும் 327 என்றும் எழுதிக் கூட்டச் சொன்னேன். 840 என்றார்கள். கதையைச் சொன்னேன், மணியின் கதையையும் சொன்னேன். பின்வரிசை மாணவனிடம், "நீ கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த இரும்பு யாருடையதோ அவர்களில் பலர் உள்ளேதான் இருக்கிறார்கள்; அவர்களுக்காகப் பேச ஒரு சங்கம் இருந்தது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப அவங்கள கேட்டிருக்கணும்" என்றான்.

வீட்டுக்குப் போகுமுன் ஒரு வேலை கொடுத்தேன். தாத்தாவின் அப்பா பெயரை வீட்டில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாருங்கள். எந்தத் தோட்டம் என்றும் கேளுங்கள். மறுநாள் 31 பேரில் 19 பேர் தாள் கொண்டு வந்தார்கள். பதினொரு தாள்களில் பெயர் இருந்தது. சிலவற்றில் பட்டப்பெயர் மட்டும். ஒன்றில் பாட்டியின் கைநாட்டுப் போல மசிக்கறை. பின்வரிசை மாணவனின் தாளில் பெயருக்கான இடம் வெறுமையாய் இருந்தது. கீழே, கோத்தா திங்கி வட்டாரத்தில் இன்று செம்பனை மூடிவிட்ட ஒரு பழைய இரப்பர்த் தோட்டத்தின் பெயர். "அப்பாவுக்கு இவ்வளவுதான் தெரியும், டீச்சர். பெரிய அத்தைகிட்ட கேட்டுச் சொல்றேன்னாரு" என்றான்.

வகுப்பறையின் பின்சுவரில் எல்லாத் தாள்களையும் ஒட்டினோம். அவனுடையதையும் ஒட்டினேன், பெயருக்கான இடத்தை அப்படியே விட்டு.